அல்சூர் ஏரிக்கரையில்

ஜீவனஹள்ளி என்னும் பெயரைக் கேட்டவுடன் அது நமக்கு அயலான பெயர் என்று எண்ணத் தோன்றும். சற்று ஆராய்ந்தால் அஃது அவ்வளவு அயலானது அன்று என்பது விளங்கும். கன்னடத்தில் 'ஹள்ளி' என்பது சிற்றூர். அதுவே நம் 'பள்ளி'. தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறி நிற்கும். நம் பால் அங்கே ஹாலு; நம் புலி அங்கே ஹுலி; நம் பலா அங்கே ஹலசு. 'ஜீவனம்' என்ற வடசொல்லுக்கு வாழ்வு என்பது பொருள். நிகண்டுகளில் அது நீருக்கும் ஒரு பெயர். ஊருக்கு அப்பெயர் வந்த வரலாறு எதுவாயினும் ஆகுக. நீருக்கும் வாழ்வுக்கும் ஒரே சொல்லை வழங்கிய முன்னோரின் கருத்து எத்துணை ஆழமானது என்பதை, அண்மையில் அல்சூர் ஏரிக்குச் சென்று வந்தபோது நாங்கள் நன்கு உணர்ந்தோம்.

ஜீவனஹள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். எங்களுள் வட ஆர்க்காட்டார் உண்டு, சேலத்தார் உண்டு, மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு வழித்துணையாக வந்தார். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் முதலில் திட்டம். ஆசிரியர் கையில் ஒரு நுண்ணோக்கிப் பெட்டியும், மெல்லிய துணியால் தைத்த கூம்பு போன்ற வலையும் இருந்தபடியால், நடைப்பயணம் கல்விப் பயணமாக மாறிவிட்டது.

ஊரும் நம்மவரும்

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுனை அடுத்து, பெங்களூர்க் கிழக்கு ரயில் நிலையத்துக்கு அண்மையில் இருக்கிறது. அங்கிருந்து அல்சூர் ஏரி இரண்டு மைல் தொலைவுக்குள்ளேயே உள்ளது. இப்பகுதி முழுவதும் பழைய இராணுவக் குடியிருப்பாகிய கண்டோன்மெண்டைச் சார்ந்து வளர்ந்தது. 1809-இல் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றினர். படையுடன் தமிழ்நாட்டுச் சிப்பாய்களும், சமையற்காரர்களும், வணிகர்களும், ஒப்பந்தக்காரர்களும் வந்து சேர்ந்தனர். 1898-இல் கொள்ளைநோய் பரவிய பின்னர், நெரிசலைக் குறைக்கும்பொருட்டுப் பிரேசர் டவுன் முதலிய புதிய குடியிருப்புகள் தோன்றின. சென்னைச் சேப்பர்ஸ் என்று பெயர் பெற்ற பொறியாளர் படையின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது.

1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இவ்வேரிக்கு அருகில், அண்ணாசாமி முதலியார் சாலையில் அமைந்துள்ளது. ஏரிக்கு அண்மையில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த அச்சிலை, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்து வைக்கப் பெற்றது. அதே மாதம் 13-ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவர் வான்சிறப்பை நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்தவர். அவருக்கு நீர்நிலை ஒன்றின் அருகே இடம் கிடைத்தது பொருத்தமே.

ஆறு இல்லாத மாநகரம்

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், ஒரு மேட்டு முதுகின்மீது அமைந்த ஊர். வற்றாத ஆறு எதுவும் இதன் நடுவே ஓடவில்லை. 1537-இல் கெம்பே கவுடர் கோட்டை கட்டிய காலம் முதல் இவ்வூரை வாழவைத்தவை ஏரிகளே. அவருடைய மரபினர் எழுப்பியவை எனக் கூறப்படும் நான்கு காவற்கோபுரங்களுள் ஒன்று, அல்சூர் ஏரிக்கருகே ஒரு பாறைமீது இன்றும் நிற்கிறது.

ஏரிக்குக் கன்னடத்தில் 'கெரே' என்று பெயர். இதற்கு நேரான தமிழ்ச் சொல் 'சிறை' என்பர் மொழிநூலார். கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி' ஆவது போன்றது இது. நீரைச் சிறை செய்து வைக்கும் இடம் என்பது கருத்து. வேடிக்கை என்னவென்றால், 'ஏரி' என்ற சொல் கன்னடத்திலும் உண்டு; ஆயின் அங்கே அது கரையைக் குறிக்கும். இரண்டு மொழியினரும் ஒரே நீர்நிலையின் இரண்டு பகுதிகளுக்குப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்கள்!

மேல் ஏரி நிரம்பினால் நீர் வாய்க்கால் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தனர் அக்காலத்தார். அச்சங்கிலியின் கண்ணிகள் பல பின்னாளில் அறுந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. குடிநீருக்காக 1882-இல் சாங்கி ஏரியும், 1894-இல் ஹெசரகட்டா நீர்த்தேக்கமும் அமைந்தன. 1974 முதல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. குழாயில் காவிரி வந்ததும் ஏரியை மக்கள் மறந்தனர். மறந்த பொருளில் குப்பை சேர்வது உலக இயல்பு.

அல்சூர் ஏரி மறைந்துபோகாமல் தப்பிய ஏரிகளுள் ஒன்று. பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர்; நம் கணக்கில் 120 ஏக்கருக்குச் சற்று அதிகம். இதனை இரண்டாம் கெம்பே கவுடர் காலத்தது என்பர். பலா மரங்கள் மிகுந்திருந்தமையால் 'ஹலசூரு' என்ற பெயர் வந்தது என்றும், அதுவே நம் வாயில் அல்சூர் ஆயிற்று என்றும் சொல்வர். நடுவே மரங்கள் அடர்ந்த சிறு தீவுகள் உள்ளன. நாங்கள் சென்ற வேளையில் நீர்க்காகங்கள் கிளைகளில் அமர்ந்து சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன. கூழைக்கடா ஒன்று தன் பையலகைச் சாய்த்து நீரை அளந்துகொண்டிருந்தது. நாமக்கோழிகள் வெண்ணெற்றியுடன் நீந்தின. மேலே பருந்துகள் வட்டமிட்டன. "இத்தனை பறவைகளுக்கும் சாப்பாடு எங்கே இருக்கிறது, தாத்தா?" என்று எங்கள் கூட்டத்துச் சிறுமி ஒருத்தி கேட்டாள். ஆசிரியர் சிரித்து, "இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நேரமாகக் காத்திருந்தேன், அம்மா" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத வயல்

அவர் தம் துணி வலையைக் கயிற்றில் கட்டிக் கரையோரம் சில முறை இழுத்தார். வலையின் அடியில் பொருத்திய சிறு குப்பியில் பச்சை கலந்த கலங்கல் நீர் சேர்ந்தது. அதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் இட்டு நுண்ணோக்கியில் வைத்தார். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். ஒரு துளிக்குள் ஓர் ஊர்த் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது!

பச்சை மணிகள் போல மிதந்தவை பாசிகள். நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு வேலிப் படல் போல நின்றவை ஒருவகை; கண்ணாடிப் பேழை போன்ற ஓட்டுக்குள் வாழ்பவை இன்னொரு வகை. இவை வெயிலையும் நீரில் கரைந்த உப்புகளையும் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்குகின்றன. வயலில் நெல் செய்யும் தொழிலை நீரில் இவை செய்கின்றன. ஆகவே இவற்றைத் தாவர மிதவைகள் என்பர்.

இவற்றை மேய்பவை விலங்கு மிதவைகள். தலையில் இரு சக்கரங்கள் சுழல்வது போலத் தோன்றிய ஓர் உயிரைச் சக்கரவுயிர் என்றார் ஆசிரியர். உண்மையில் சுழல்வது சக்கரம் அன்று. மயிர் போன்ற நுண்ணிழைகள் அலையலையாக அசைவதால் அப்படித் தோன்றுகிறது. அந்த அசைவில் நீர் சுழித்து வரும். உணவும் அதனுடன் வாய்க்கு வரும். அடுத்தது தெள்ளுப் போல் துள்ளும் தன்மையால் நீர்த்தெள்ளு என்று பெயர் பெற்றது. அதன் உடல் கண்ணாடி போன்றது; உள்ளே இதயம் துடிப்பதும், உண்ட பாசி குடலில் பச்சைக் கோடாக நிற்பதும் தெரியும். வளம் மிக்க காலத்தில் ஆணின் துணையின்றியே அது குஞ்சு ஈனும் என்று கேட்டு எங்கள் வீட்டுப் பெண்மணிகள் வியந்தனர்.

ஒற்றைக் கண்ணுடன் வெடுக்கு வெடுக்கென்று பாய்ந்த மூன்றாவதன் பெயர் சைக்ளாப்ஸ். முன்னாளில் படிக்கிணறுகளில் நீர் குடித்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி நோய் வரக் காரணமான புழுவைச் சுமந்தது இதுவே. நீரைத் துணியில் வடிகட்டினால் சைக்ளாப்ஸ் தங்கிவிடும், நோயும் நின்றுவிடும். இவ்வெளிய முறையும் பாதுகாப்பான நீரும் பரவியதால், 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பாட்டிமார் குடத்தின் வாயில் துணி கட்டிய வழக்கத்தின் பெருமையை அன்று அறிந்தோம்.

நீரில் மிதந்தலையும் இவ்வுயிர்களுக்குப் 'பிளாங்டன்' என்று 1887-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன். மாவு சலிக்கும் பட்டுத் துணியால் வலை செய்து இவற்றைப் பிடித்தார் அவர். நம் நாட்டில் இத்துறைக்கு அடிகோலியவர்களுள் சென்னைப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் தலையாயவர். பாசிகளின் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற அவர் 1963-இல் மறைந்தார்.

பத்தில் ஒன்று

பாசியை நீர்த்தெள்ளு தின்கிறது; நீர்த்தெள்ளைச் சிறுமீன் தின்கிறது; சிறுமீனை விரால் தின்கிறது; விராலைப் பறவையோ மனிதனோ தின்கின்றனர். இச்சங்கிலியில் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துச் சிறிய ஏரி ஒன்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமன் என்ற இளைஞர், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உணவாற்றலின் சிறு பங்கே செல்கிறது என்று காட்டினார். அவரது கட்டுரை 1942-இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. முப்பது வயதுகூட நிரம்பாமல் காலமானார். பின்வந்தோர் அக்கணக்கைப் பத்தில் ஒன்று என்று சுருக்கிச் சொல்வர். ஆயிரம் கிலோ பாசியால் நூறு கிலோ நீர்த்தெள்ளு. அதனால் பத்துக் கிலோ சிறுமீன். அதனால் ஒரே ஒரு கிலோ விரால். மிச்சமெல்லாம் ஓடியதிலும் மூச்சு விட்டதிலும் கழிவிலும் போய்விடும்.

சங்கிலி நீள நீள விளைச்சல் குறையும் என்பது இதன் பொருள். ஆகவேதான் மீன் வளர்ப்போர் கீழ்ப்படியில் உண்ணும் மீன்களை நாடுகின்றனர். கட்லா மேல்நீரில் விலங்கு மிதவைகளை உண்ணும். ரோகு இடைநீரில் மேயும். மிருகால் அடிச்சேற்றில் மக்கிய பொருளைத் தின்னும். ஒரே நீரில் மூன்று மாடிகளில் மூன்று குடித்தனம். ஒருவருக்கொருவர் போட்டி இல்லை. 1959-இல் இந்தியாவுக்கு வந்த வெள்ளிக் கெண்டை பாசியையே வடிகட்டி உண்பது. அதே ஆண்டில் வந்த புல்கெண்டை நீர்ச்செடிகளை மேய்வது.

ஆற்று மீன்களாகிய கட்லாவும் ரோகுவும் குளத்து நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்றிலிருந்து குஞ்சு பிடித்து வந்தே வளர்த்தனர். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் ஊக்குநீர் ஊசி போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தனர். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாள். நாம் சந்தையில் வாங்கும் குளத்து மீனில் பெரும்பகுதி அந்த ஊசியின் வழி வந்தது என்றால் மிகையாகாது.

ஜிலேபி மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதாலும், சில மாதங்களிலேயே இனம் பெருக்குவதாலும், கெட்ட நீரையும் தாங்குவதாலும் அது எங்கும் பரவிவிட்டது. அதனினும் கொடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது காற்றையும் மூச்சாக இழுக்க வல்லது, கண்டதையெல்லாம் தின்பது, நம் நாட்டு மீன்களை அழிப்பது. அதனை வளர்க்க அரசு தடை விதித்துள்ளது. சாக்கடை கலந்த ஏரியில் கட்லா சாகும், கெளுத்தி வாழும். மீன் இருக்கிறது என்பதனாலேயே ஏரி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது. எந்த மீன் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பச்சை நீரின் கதை

ஆசிரியர் அடுத்தாற்போல் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தார். 1865-இல் இத்தாலிய வானநூலார் ஆஞ்சலோ செக்கி கையாண்ட முறை இது. தட்டை நீரில் மெல்ல இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. தெளிந்த மலை ஏரிகளில் பல பாகம் இறங்கியும் தட்டுத் தெரியும். நாங்கள் நின்ற கரையோரத்திலோ ஒரு முழம் இறங்குமுன் மறைந்துவிட்டது. நீர் அவ்வளவு பச்சை.

பசுமை வளத்தின் அடையாளம் அன்றோ என்று எங்களுள் ஒருவர் வினவினார். வயலில் ஆம், ஏரியில் அளவோடுதான். சாக்கடையிலும் சோப்புத் தூளிலும் பாஸ்பரஸ் உண்டு. கனடாவில் 226 என்ற எண்ணுள்ள ஓர் ஏரியை 1973-இல் அறிஞர்கள் நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதியிலும் கரியும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தனர். அந்தப் பாதி மட்டும் பச்சைப் பசேலென்று மாறியது. மறுபாதி தெளிவாகவே நின்றது. ஒரு கிராம் பாஸ்பரஸ் ஏறத்தாழ நூறு கிராம் உலர்ந்த பாசியை விளைவிக்க வல்லது. அன்றாடம் நம் வீட்டுத் துணி துவைத்த நீரை நினைத்துப் பாருங்கள்!

மிகுந்த உரத்தால் தழைப்பது நல்ல பாசி அன்று, நீலப்பச்சைப் பாசி. அது திரள் திரளாக மிதக்கும்; நீர்த்தெள்ளின் வாயில் நுழையாது; சில வகை நஞ்சும் சுரக்கும். சென்னையில் எஸ்.வி. கணபதி என்ற அறிஞர், இத்தகைய பாசி நிலையாகப் படர்ந்திருந்த கோயில் திருக்குளம் ஒன்றை ஆராய்ந்து 1940-இல் கட்டுரை எழுதினார். ஆகவே இது புதிய நோய் அன்று. நோயாளிகளின் தொகைதான் இன்று பெருகிவிட்டது.

பாசி பகலில் பிராணவாயுவைத் தருகிறது. இரவில் வெயில் இல்லை. அப்போது அதுவும் மீனைப் போல் பிராணவாயுவை உட்கொள்கிறது. பாசி மிகுந்த ஏரியில் மாலையில் பிராணவாயு நிறைந்து வழியும்; விடியற்காலையில் வறண்டு போகும். கடல்மட்டத்தில் 30 பாகை வெப்பமுள்ள நீர் ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்து வைத்துக்கொள்ளும். பெங்களூரின் உயரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். கெண்டை மீன் நலமாக வாழ ஐந்து மில்லிகிராமாவது வேண்டும். அளவு குறைந்தால் மீன்கள் விடியலில் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். இன்னும் குறைந்தால், மிதக்கும்.

2016-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், மகா சிவராத்திரியன்று, அல்சூர் ஏரியில் நடந்தது அதுதான். காலையில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டனர். கோடை தொடங்கிய நேரம், நீர் குறைந்திருந்தது, கழிவுநீர் கலந்தபடி இருந்தது, பிராணவாயு அற்றுப்போனதே காரணம் எனக் கூறப்பட்டது. அந்நாளைக் கண்ணால் கண்ட அல்சூர்ப் பெரியவர் ஒருவர் எங்களுடன் பேசினார். "கரை ஓரமெல்லாம் வெள்ளை விரித்தாற்போல் கிடந்தது, ஐயா. நாற்றம் பல நாள் போகவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது நாற்றம் அன்று. நீர்க்காகங்கள் அந்த மீனைத் தொடாமல் மரத்திலேயே உட்கார்ந்திருந்தன" என்றார்.

சிறுமி மீண்டும் கேட்டாள்: "மீன்கூடத் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா, தாத்தா?" ஆசிரியர் சற்று நேரம் விடை கூறவில்லை. பிறகு, "மூழ்கிச் சாகவில்லை, அம்மா. மூச்சு முட்டிச் செத்தன. நாம் ஏரியின் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்" என்றார்.

நீர் போகும் ஊர்

அல்சூர் ஏரியோடு இக்கதை முடிவதில்லை. இங்கிருந்து வழியும் நீர் சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெள்ளந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் செல்கிறது. பெள்ளந்தூர் ஏரியில் வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்ததையும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அங்கே தீப்பற்றியதையும் படித்திருப்பீர்கள். நீரில் தீ என்பது பழமொழிக்கும் எட்டாத செய்தி. 2018 முதல் இப்பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் நடைபெறுகிறது. எஞ்சிய நீர் தட்சிண பினாகினி ஆற்றில் சேர்கிறது.

தட்சிண பினாகினி எது? அதுவே நம் தென்பெண்ணை! நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கும்போது நுரை பொங்குவதாக அடிக்கடி செய்தி வருகிறது. அங்கே அந்நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்வோர் யார்? நம் மாமன்மாரும் சித்தப்பன்மாரும் அல்லரோ?

எண்ணிப் பாருங்கள். காவிரி நீர் மேடேறி ஜீவனஹள்ளியில் நம் வீட்டுக் குழாயில் வருகிறது. நாம் குளிக்கிறோம், துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். அந்நீர் வாய்க்காலாகி, ஏரியாகி, பெண்ணையாகித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஊருக்குக் கடிதம் போடுவதை நாம் நிறுத்திவிட்டோம். நீர் மட்டும் நாள்தோறும் நம்மிடமிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது என்ன செய்தியைக் கொண்டு செல்கிறது என்பதுதான் கேள்வி.

மீள வழி உண்டு

மனம் தளர வேண்டியதில்லை. நகரின் வடபுறத்து ஜக்கூர் ஏரியில் கழிவுநீரை நிலையத்தில் சுத்திகரித்து, பின்னர் சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பின் வழியே செலுத்தி, அதன் பிறகே ஏரியில் விடுகின்றனர். எஞ்சிய உரத்தைச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே மீனவர் வலை வீசுகின்றனர், பறவைகள் கூடுகின்றன. சர்ஜாபுரச் சாலையில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரி, 2009-க்குப் பின்னர் மாநகராட்சியும் அக்கம்பக்கத்து மக்களும் சேர்ந்து முயன்றதால் மீண்டும் உயிர் பெற்றது. அங்கே முன்நின்றவர்கள் கன்னடர் மட்டும் அல்லர். பல மொழி பேசும் வீட்டார்.

மீனை அள்ளி விட்டால் ஏரி தெளியும் என்று சிலர் எண்ணுவர். அதிலும் அளவு வேண்டும். மீன் மிகுந்தால் பெரிய நீர்த்தெள்ளுகளை முதலில் தின்று தீர்த்துவிடும் என்பதை 1965-இல் அமெரிக்க அறிஞர் புரூக்ஸும் டாட்சனும் விளக்கினர். மேய்வது குறைந்தால் பாசி ஓங்கும். ஆகவே முதல் மருந்து சாக்கடையை நிறுத்துவதே; மீன் அதற்கு அடுத்ததே.

வீட்டளவில் நாம் செய்யக் கூடியவை எளியவை. பாஸ்பேட் கலவாத சோப்புத் தூளை அளவாகப் பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டாதிருக்கலாம். பிள்ளையாரைப் பச்சைக் களிமண்ணில் வண்ணம் பூசாமல் செய்து, அதற்கென அமைத்த குளத்தில் மட்டும் கரைக்கலாம். பூசைப் பூவை எருவாக்கலாம். புண்ணியம் என்று எண்ணி ரொட்டியும் பொரியும் மீனுக்கு இறைப்பதை விடலாம். தின்னாமல் தங்கியது அழுகி, மீனின் மூச்சையே குடிக்கும். மழைநீர் வாய்க்காலில் சாக்கடை கலப்பதைக் கண்டால், நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டு அதிகாரிகளுக்கு எழுதலாம். ஒருவர் எழுதினால் மனு. நாற்பதின்மர் எழுதினால் அஃது ஊரின் குரல்.

"நாம் பிழைக்க வந்தவர்கள், ஏரி இந்த ஊர்க்காரர் கவலை" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. இருநூறு ஆண்டுகளாக இந்நீரைக் குடித்து, இக்கரையில் கோயில் கும்பிட்டு, இம்மண்ணில் முன்னோரைப் புதைத்தும் எரித்தும் வாழ்ந்த பின்னர் அச்சொல் நமக்குப் பொருந்தாது. ஏரிக்கு மொழி இல்லை. அது கேட்பது ஒன்றே: தன் மீன்கள் விடியற்காலையில் மூச்சு விட வேண்டும்.

வரும் விடுமுறை நாளில் வாய்ப்புள்ள அன்பர்கள் குழந்தைகளுடன் அல்சூர் ஏரிக்குச் சென்று வாருங்கள். ஒரு வெள்ளைத் தட்டும் கயிறும் கொண்டு சென்று, தட்டு எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று அளந்து, நாளும் அளவும் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதைச் செய்து வந்தால், நம் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் அந்த ஏடே ஏரியின் வரலாறாக இருக்கும். தட்டு மறையும் ஆழம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே செல்லுமானால், நாம் இவ்வூரில் நல்ல குடிகளாக வாழ்ந்தோம் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.